ஆஃப் வராத சத்தமும் எங்கள் மாடி ரீசெட் பாயும்

இதை எழுதலாமா கூடாதா என்று மாதாவிடம் நான் கேட்டுக்கொண்டே இருந்து பல வருஷம் ஆகிவிட்டது. ஜெபமாலை முடிந்து மெழுகுவத்தியை அணைக்கும்போதெல்லாம் கேட்பேன். மாதா ஒன்றும் சொன்னதில்லை. மாதா சும்மா இருந்தால் அது சம்மதமா, கோபமா என்று யோசித்ததிலேயே மீதி வருஷங்களும் போய்விட்டன. நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். கோவில் பூசையில் வாசிக்க வேண்டுதல் கருத்து எழுதிக் கொடுப்பதைத் தவிர பேனாவுக்கும் எனக்கும் பெரிய சிநேகிதம் கிடையாது.

போன வாரம் மீன் வாங்கப் போன இடத்தில் காலாப்பட்டு அம்மா ஒருவர் எங்கள் கோவில் கதையை எனக்கே சொன்னார். "ஒங்க பக்கத்துக் கோவில்ல மாதா சுரூபம் வாயத் தொறந்து பாடிச்சாமே, நீ பாக்கலியா?" என்றார். நான் வஞ்சிரத்தைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். பார்த்தேனா? அந்த இடத்திலேயே இருந்தவள் நான். அந்தச் சத்தம் கிளம்பியதே என் வீட்டு மாடியிலிருந்து. ஆனால் அவர் சொன்ன கதையில் எங்கள் மாடி இல்லை, என் வீட்டுக்காரர் இல்லை, ரீசெட் பாயும் இல்லை. ரீசெட் பாய் இல்லாமல் அந்தக் கதையைச் சொல்வது மீன் இல்லாமல் மீன் குழம்பு வைப்பது மாதிரி. அன்றைக்கே வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

ரீசெட் பண்ண முடியாத பொருள் என்று ஒன்றை ஆண்டவர் இந்த உலகத்தில் படைக்கவே இல்லை என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் ரீசெட் பாய்தான். அவருடைய சொந்தப் பேர் அவரைப் பெற்றவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். எங்கள் தெருவுக்குத் தெரியாது. அவருடைய அண்ணன் தம்பிகள் எல்லோரும் பெரிய மார்க்கெட் பக்கம் துணிக்கடை வைத்திருந்தார்கள். இவர் ஒருவர் மட்டும் துணியை விட்டுவிட்டு ஒயர் பக்கம் போய்விட்டார். எங்கள் மாடிக்குக் குடி வந்த அன்று ஒரு பாயும் தலையணையும்தான் சாமான். மீதி வண்டி முழுக்கக் கீபோர்டும் கம்ப்யூட்டரும் மூட்டை மூட்டையாக ஒயரும். கைலி, நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி, கழுத்தில் எப்போதும் மாலை மாதிரி ஒரு ஒயர். கோவில் பாடல் குழுவுக்கும், ஆடி மாசத்து அம்மன் கூழுக்கும், அவர்கள் ஆட்களின் சந்தனக்கூட்டுக்கும் அந்த ஒரே அறையில் பாட்டுக்கு இசை போட்டுக் கொடுப்பார். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போகும்போது மட்டும்தான் கழுத்து ஒயர் இறங்கும்.

வந்த முதல் வாரமே எனக்கும் அவருக்கும் பழக்கம் ஏற்பட்டுவிட்டது. சாயங்காலம் ஜெபமாலைக்கு முட்டி போட்டிருக்கிறோம். மாடியிலிருந்து "ஈஈஈ" என்று ஒரு சத்தம். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, மூச்சும் விடவில்லை. முதல் பத்து முடிந்தது, சத்தம் இருக்கிறது. இரண்டாவது பத்து முடிந்தது, இருக்கிறது. பக்கத்து வீட்டில் பிரெஞ்சு ராணுவத்திலிருந்து பென்ஷனோடு வந்த பெரியவர் ஒருவர் உண்டு. பட்டாளத்துக்காரர் என்பதால் தெருவில் அவரை 'சொல்தா' என்றுதான் சொல்வோம். அவர் வாசலுக்கு வந்து மாடியைப் பார்த்து "சிலான்ஸ்! சிலான்ஸ்!" என்று கத்தினார். அந்தச் சத்தம் பிரெஞ்சுக்கும் அடங்கவில்லை. நான் ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு படி ஏறினேன்.

"இன்னா பாய் இது? கீழ ஜெபம் சொல்லிகினு இருக்கோம்."

அவர் திரும்பவில்லை. கம்ப்யூட்டர் திரையில் எறும்பு வரிசை மாதிரி ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு, "ஆன் வந்திருக்குக்கா. ஆஃப் வரல," என்றார்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"இந்தக் கீபோர்டுலேர்ந்து கம்ப்யூட்டருக்குச் சத்தம் போவாதுக்கா. சேதிதான் போவும். மிடின்னு பேரு. 'இந்தக் கட்டைய அமுக்குனாங்க'ன்னு ஒரு சேதி. எவ்ளோ வேகமா அமுக்குனாங்கன்னு அதுலயே ஒரு நம்பரு. 'விட்டுட்டாங்க'ன்னு அப்புறம் ஒரு சேதி. இந்த விட்டுட்டாங்கங்கற சேதி எங்கனா வழியில தொலைஞ்சிதுன்னா, அந்தப் பொட்டி பாவம், இன்னும் அமுக்கிகினு இருக்காங்கன்னு நெனச்சிகினு கத்திகினே கெடக்கும்."

"எவ்ளோ நாழி?"

"கரண்டு இருக்கற வரைக்கும்."

சொல்லிவிட்டு ஒரு பொத்தானை அமுக்கினார். சத்தம் கத்தியால் வெட்டின மாதிரி நின்றது. "ரீசெட்," என்றார். மந்திரம் முடித்த பூசாரி மாதிரி கையைத் தட்டிக்கொண்டார். அந்த நிமிஷத்திலிருந்து அவர் எங்கள் தெருவுக்கு ரீசெட் பாய்.

கம்ப்யூட்டரோடு நின்றிருந்தால் நான் எழுத வந்திருக்க மாட்டேன். மனிதர் எல்லாவற்றையும் ரீசெட் பண்ணுவார். என் மிக்ஸி நின்றுபோனால் ஒயரைப் பிடுங்கி, "கொஞ்ச நேரம் சும்மா உடுங்க, அதுவும் யோசிக்கட்டும்," என்பார். திரும்பச் சொருகினால் ஓடும். ஓடுவதுதான் எனக்கு ஆத்திரம். சண்டையையும் அப்படித்தான். ஒருநாள் அந்தச் சத்தத்துக்காக ரீசெட் பாய் சொல்தா வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டார். சொல்தா கேட்கிற நிலையில் இல்லை, பிரெஞ்சிலும் தமிழிலும் மாறி மாறித் திட்டினார். ரீசெட் பாய் கேட்டுக்கு வெளியே போனார், கேட்டைச் சாத்தினார், திரும்பத் தட்டினார். "போன்ழூர் முசியே," என்றார். வணக்கம் சொன்னால் திருப்பிச் சொல்கிற பழக்க தோஷத்தில் சொல்தாவும் "போன்ழூர்" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு எப்படித் திட்டுவது? காப்பி கொடுத்து அனுப்பினார். அதற்கப்புறம் ரேஷன் கடையில், தண்ணி வண்டிக்காரரிடம், எங்கள் பங்குச் சாமியாரிடமே, இந்த வேலையைச் செய்து பார்த்துவிட்டார். பாதிச் சண்டையில் எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு திரும்பத் தட்டுகிற ஆளிடம் யாரால் கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியும்?

இன்னொரு விசித்திரம், அவர் பாட்டைக் காதால் கேட்க மாட்டார், கண்ணால் படிப்பார். யார் எதை வாசித்தாலும் திரையில் ஓடுகிற அந்த வரிசையைத்தான் பார்ப்பார். ஒருநாள் நான் மாடியில் துணி உலர்த்தப் போனபோது பூட்டிய அறைக்குள் கீபோர்டு சத்தம் கேட்டதைச் சொன்னேன். வந்தவுடன் திரையைப் பார்த்தார். "பூனைக்கா," என்றார். "எப்டிச் சொல்றீங்க?" என்றேன். "நாலு காலும் ஒரே வேகம். மனுஷன் இவ்ளோ நிதானமா நடக்க மாட்டான். பாருங்க, இங்க உக்காந்திருக்கு." பார்த்தேன். எனக்கு நம்பர்தான் தெரிந்தது. அந்தப் பூனை வாசித்ததைக்கூட அவர் அழிக்கவில்லை. எதையும் ரீசெட் பண்ணுவதற்கு முன்னால் ஒரு காப்பி எடுத்து வைப்பார். அது அவருக்குத் தொழுகை மாதிரி, விட மாட்டார்.

அந்தக் காப்பியில் ஒருமுறை வம்பு வந்தது. எங்கள் கோவில் நன்றிப் பாட்டுக்குத் தாளம் போட்டுக் கொடுத்தார். பூசையில் நன்மை, அதாவது நற்கருணை, வாங்கிவிட்டு எல்லோரும் பக்தியாகக் கண்ணை மூடியிருக்கும் நேரம். பாட்டு தொடங்கியது. திடீரென்று நடுவில் பம்பையும் உடுக்கையும் இறங்கின. சும்மா இல்லை, கூழ் ஊற்றுகிற இடத்தில் சாமி வந்து ஆடுவார்களே, அந்த அடி. முதல் பெஞ்சில் ஒரு அம்மா தோளைக் குலுக்க ஆரம்பித்துவிட்டார். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். அப்புறம் கேட்டால், "தாளத்த காப்பி பண்ணும்போது மேல இருந்த அம்மன் பாட்டு வரியும் கூட வந்துடுச்சிக்கா," என்று தலையைச் சொறிந்தார். சாமியாரிடம் மன்னிப்புக் கேட்கப் போனோம். சாமியார் மேசையில் விரலால் அதே அடியைத் தட்டிக்கொண்டு, "நல்லாத்தான இருந்துச்சி," என்றார். ஆனாலும் ரீசெட் பாய் வெளியே போய்க் கதவைத் தட்டிவிட்டுத்தான் வந்தார். வழக்கத்தை விட முடியாது.

இனி என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஞ்சாலையில் தறி ஓட்டியவர். ஆலை மூடின பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன் வேலை. அதெல்லாம் வயிற்றுக்கு. உயிர் முழுக்கக் கோவில் கீபோர்டில்தான். பாடல் குழுவில் எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'. எங்கள் கோவில் திருவிழா அன்று மாதா தேர் கிளம்புவதற்கு முன்னால் ஒரு பாட்டு பாடுவார்கள். மெட்டு என் வீட்டுக்காரர் போட்டது. எங்கள் கல்யாணத்துக்கு முன்னாலேயே போட்டுவிட்டார். அதனால் அந்தப் பாட்டுக்கு வீட்டில் என்னைவிட மரியாதை அதிகம். அதை அவர்தான் வாசிப்பார், வேறு யாரும் தொடமாட்டார்கள்.

மாடிக்குக் கீபோர்டு வந்த நாளிலிருந்து மனிதர் தரையில் நிற்கவில்லை. ஜெபமாலை முடிந்ததும் ஆமென் சொன்ன வாயோடு படி ஏறிவிடுவார். அவர் வாசிப்பார், ரீசெட் பாய் திரையைப் பார்ப்பார். இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமலே சிநேகிதர் ஆனார்கள். "அண்ணன் வாசிச்சா மூணாவது விரலு கொஞ்சம் முந்திகினு வரும்க்கா. ஆயிரம் பேரு வாசிச்சாலும் அண்ணன நான் கண்டுபுடிச்சிருவேன்," என்று என்னிடம் சொல்வார்.

ஒருநாள் நான் டீ கொண்டுபோனேன். என் வீட்டுக்காரர் அந்த மாதா பாட்டைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார். முதல் சரணம் முடிந்து இரண்டாவது போகும்போது ரீசெட் பாய் கையைத் தூக்கினார்.

"அண்ணே, இருங்க. இன்னொரு வாட்டி."

வாசித்தார். ரீசெட் பாய் ஒயரை மாற்றினார். "இன்னொரு வாட்டி." வாசித்தார். கம்ப்யூட்டரை நிறுத்திப் போட்டார். கீபோர்டை நிறுத்திப் போட்டார். வேறு கீபோர்டை எடுத்து வைத்தார்.

"இன்னாடா பாய், நல்லாத்தான கேக்குது?" என்றார் என் வீட்டுக்காரர்.

"காதுக்கு நல்லாத்தான் கேக்குது. நம்பரு கொறையுது அண்ணே. வலது கை மட்டும்."

பிறகு அவரே உட்கார்ந்து வாசித்துப் பார்த்தார். நம்பர் சரி. என்னை உட்கார வைத்து, "எதயாவது அமுக்குங்க," என்றார். எனக்கும் சரி. டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் மெதுவாகத் திரையை விட்டு முகத்தைத் திருப்பினார். அவருடைய கண்ணை நேராக நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"எல்லாத்தையும் ரீசெட் பண்ணிப் பாத்துட்டேன்க்கா. அண்ணன ஒருத்தரத்தான் பண்ணல. ஆட்டோ கூப்டுறேன்."

என் வீட்டுக்காரர் சிரித்தார். படி இறங்கும்போதும் சிரித்துக்கொண்டுதான் வந்தார். ஆட்டோவில் ஏறி முதல் முக்கு திரும்பும்போது, கம்பியைப் பிடித்திருந்த வலது கை தானாக நழுவி அவர் மடியில் விழுந்தது. சிரிப்பு நின்றது. ஆஸ்பத்திரியில், "பக்கவாதம், சீக்கிரம் கூட்டிகிட்டு வந்துட்டீங்க, இல்லன்னா பேச்சும் போயிருக்கும்," என்றார்கள். எப்படித் தெரிந்தது என்று கேட்டார்கள். நம்பர் குறைந்தது என்று ரீசெட் பாய் சொன்னார். சுகர் நம்பர் என்று நினைத்துக்கொண்டு எழுதிக்கொண்டார்கள்.

ஆண்டவர் உயிரைக் கொடுத்தார், பேச்சைக் கொடுத்தார், நடையைக் கொடுத்தார். வலது கை விரலை மட்டும் வைத்துக்கொண்டார். சோற்றைப் பிசையலாம், கட்டையை அமுக்க முடியாது. வீட்டுக்கு வந்தவர் மாடிப் படியைப் பார்க்கவே இல்லை. கோவிலுக்குப் போனால் கடைசிப் பெஞ்ச். பாடல் குழு இருக்கிற பக்கம் முகத்தைத் திருப்ப மாட்டார். திருவிழாக் கொடி ஏறியது. குழுவில் முன்னால் நின்று பாடுகிற ஜூலி வந்து கேட்டாள்.

"மாஸ்டர், மாதா பாட்டு?"

"வேற யாராவது வாசிக்கட்டும்மா. இல்லன்னா வேற பாட்டு பாடிக்கோங்க."

அவள் போன பிறகு நான் அடுப்படியில் நின்று அழுதேன். பாட்டுக்காக அழவில்லை. இந்த வருஷம் விட்டால் இந்த மனிதர் எப்போதுமே கடைசிப் பெஞ்ச்தான் என்பது எனக்குத் தெரிந்தது. கை போனதைத் தாங்கிக்கொண்டேன், இதைத் தாங்க முடியாது என்று மாதாவிடம் சொன்னேன். மாதா என்ன செய்தார் தெரியுமா, மாடியிலிருந்து ரீசெட் பாயை இறக்கினார்.

"அண்ணே, ஒரு விஷயம். இந்த வருஷம் நீங்க வாசிக்க வேணாம். ஆனா நீங்கதான் வாசிப்பீங்க."

"இன்னா ஒளர்ற?"

"நீங்க மேல வந்து வாசிச்சதெல்லாம் காப்பி இருக்கு. மாதா பாட்ட அன்னிக்கி ஒரு நாளுதான் வாசிச்சீங்க. மொத சரணம் கை நல்லா இருந்தப்ப வாசிச்சது, முழுசா இருக்கு. ரெண்டாவதுலதான் கை கொறைஞ்சிபோச்சி. மொத சரணத்து வலது கைய காப்பி பண்ணி ரெண்டாவதுல போட்டுட்டா முடிஞ்சிது. கோவில் கீபோர்டுக்கு அந்தச் சேதிய அனுப்புனா, ஒங்க விரலு எப்டி அமுக்குச்சோ அப்டியே அது பாடும். மூணாவது விரலு முந்திகினு வரும்."

என் வீட்டுக்காரர் முகம் சிவந்துவிட்டது. "ஏன்யா, செத்தவன் படத்துக்கு மாலை போடற மாதிரி போடப் பாக்கறியா? நான் இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்துகினு இருக்கறேன், என் கை அங்க தனியா வாசிக்குமா? வெளில போய்யா."

ரீசெட் பாய் வெளியே போனார். கதவைச் சாத்தினார். தட்டினார்.

"வணக்கம் அண்ணே. ஒரு விஷயம்."

"போன்னு சொன்னேன்ல."

போனார், சாத்தினார், தட்டினார். "வணக்கம் அண்ணே. ஒரு விஷயம்." இப்படியே நடந்தது. சொல்தா என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்து, விஷயம் புரிந்ததும் "போன் குராழ்!" என்று ரீசெட் பாய்க்குத் தைரியம் சொல்லிவிட்டுப் போனார். கதவு தாழ்ப்பாள் கழன்று கையோடு வந்துவிட்டது. தாழ்ப்பாளைக் கையில் வைத்துக்கொண்டு "வணக்கம் அண்ணே" என்று அவர் நின்றபோது என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் சிரிப்பு.

"சரி, போட்டுத் தொலை. நான் வரமாட்டேன்."

"நீங்க பக்கத்துல இல்லன்னா போடமாட்டேன். கை ஒங்களுது. ஆள உட்டுட்டுக் கைய மட்டும் கூட்டிகினு போனா போலீசு புடிக்கும் அண்ணே."

திருவிழாச் சாயங்காலம். கோவில் வாசலில் தேர், தேர் மேல் மாதா சுரூபம், சுற்றிலும் ஜனம். என் வீட்டுக்காரர் கீபோர்டு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தார். வலது கையைத் துண்டால் மூடி மடியில் வைத்துக்கொண்டார். யார் முகத்தையும் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். ரீசெட் பாய் கீபோர்டுக்குப் பின்னால் தரையில் சம்மணம் போட்டு, கம்ப்யூட்டரை மடியில் வைத்திருந்தார்.

பாட்டு தொடங்கியது. கட்டை ஒன்றும் அசையவில்லை, இசை மட்டும் வருகிறது. சத்தியமாகச் சொல்கிறேன், அது அவர் கை. அந்த மூணாவது விரல் முந்திக்கொண்டு வந்தது. வீட்டில் இத்தனை வருஷம் எனக்குத் தெரியாத விரல், ரீசெட் பாய் சொன்ன பிறகு தெரிந்த விரல். ஜூலி பாடினாள். முதல் சரணம் போனது. இரண்டாவது சரணம் போனது. கடைசி வரி முடிந்தது.

பாட்டுதான் முடிந்தது. கடைசிச் சத்தம் முடியவில்லை.

எங்கள் கோவிலில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டு முடிந்து சத்தம் முழுக்க அடங்கின பிறகுதான் கோவில் காரியம் பார்க்கிற உபதேசியார் மணி அடிப்பார். மணி அடித்தால்தான் தேரைத் தோளுக்குத் தூக்குவார்கள். சத்தம் இருக்கும்போது தூக்கவே மாட்டார்கள், பெரியவர்கள் காலத்துக் கட்டுப்பாடு. தூக்குகிறவர்கள் குனிந்து கம்புக்குத் தோள் கொடுத்துவிட்டார்கள். உபதேசியார் மணியை ஓங்கிவிட்டார். "ஈஈஈ" என்று அந்த ஒரு சத்தம் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது. ஜூலி வாயைத் திறந்தபடி நிற்கிறாள். சாமியார் திரும்பிப் பார்க்கிறார். பின்னால் சிலர் முட்டி போட்டுவிட்டார்கள். ஒரு அம்மா, "மாதா பாடுறாங்க," என்று சொன்னது என் காதிலேயே விழுந்தது. காலாப்பட்டு வரைக்கும் போன கதைக்கு விதை அங்கேதான் விழுந்தது.

"யார்ரா அது, மூச்சே உடாம வாசிக்கிறது?" என்று தேர்க் கம்புக்குக் கீழே ஒருவர்.

"நீ மூச்ச உடு மச்சான், செத்துறப் போற," என்று இன்னொருவர்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஆன் வந்திருக்கிறது, ஆஃப் வரவில்லை. நான் ஜனத்தை விலக்கிக்கொண்டு ரீசெட் பாயிடம் ஓடினேன். அவர் விரல் அந்தப் பொத்தான் மேலேயே இருந்தது.

"பாய், ரீசெட்டு."

அவர் அமுக்கவில்லை.

"பாய், அமுக்குங்க. ஜனம் பாக்குது."

அமுக்கவில்லை. மிக்ஸியிலிருந்து சொல்தா வரைக்கும் ரீசெட் பண்ணிய மனிதர், பண்ண வேண்டிய நேரத்தில் கல்லாக உட்கார்ந்திருக்கிறார். பயத்தில் உறைந்துவிட்டார் என்று நினைத்தேன். கையை எட்டி நானே அமுக்கிவிடப் போனேன். அப்போதுதான் கவனித்தேன், அவர் திரையைப் பார்க்கவில்லை. கூரை இடிந்தாலும் திரையிலிருந்து கண்ணை எடுக்காதவர், அண்ணாந்து என் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் பார்த்தேன். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். முகம் சுளித்திருந்தது. சோற்றில் கல் கடித்த மாதிரி. தன் பாட்டு இப்படி அசிங்கமாக நீண்டுகொண்டு போவதை அவரால் பொறுக்க முடியவில்லை. இடது கை எழும்பியது. கட்டைகளுக்கு மேலே ஒரு நொடி நின்றது. எந்தக் கட்டை என்று அவருக்குத் திரை சொல்ல வேண்டாம், காது சொன்னது. நேராக அந்தக் கட்டைக்குப் போய், ஒருமுறை அமுக்கி, மெதுவாக விட்டார்.

சத்தம் நின்றது.

அப்படி ஒரு அமைதியை நான் பெரிய வெள்ளிக்கிழமையில்கூடக் கேட்டதில்லை. மணி அடித்தது. "மரியே வாழ்க" என்று தேர் தோளுக்கு ஏறியது. தேர் நகர்ந்தால் நடைப் பாட்டு பாட வேண்டும். அதற்குக் கம்ப்யூட்டரில் ஒன்றும் கிடையாது. ஜூலி என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் கட்டையிலிருந்து கையை எடுக்கவே இல்லை. இடது கை ஒன்றை வைத்துக்கொண்டே வாசிக்க ஆரம்பித்தார். தப்பும் தவறுமாக வந்தது. தப்பு வந்த இடத்தில் நாங்கள் எல்லோரும் சத்தமாகப் பாடி மூடினோம். நான் பாடினேனா, அழுதேனா, எனக்கே தெரியாது. தேர் தெரு முனை திரும்புகிற வரைக்கும் அவர் நிறுத்தவில்லை.

மறுநாள் காலையில் மாடிக்குப் போய் ரீசெட் பாயைப் பிடித்துக்கொண்டேன்.

"என் தப்புதான்க்கா," என்று அவரே ஆரம்பித்தார். "சரணத்த காப்பி பண்ணும்போது கடைசிக் கட்டையோட ஆஃப் சேதி, நான் வெட்டுன கோட்டுக்கு அந்தாண்ட நின்னுபோச்சி. ஆன் சேதிய மட்டும் எடுத்துகினு வந்துட்டேன்."

"அது கெடக்குது. நீங்க ஏன் அமுக்கல?"

கழுத்து ஒயரை எடுத்து மடித்தார், திரும்பப் பிரித்தார். "ரீசெட்னா எல்லாத்தையும் ஒரேடியா உட்டுரும்க்கா. அமுக்குனது யாரு, உடவேண்டியது யாருன்னு அதுக்குத் தெரியாது. அமுக்கத்தான் போனேன். அண்ணன் தோளு லேசா அசைஞ்சிச்சி. சரி, அமுக்குன கையே வந்து உடட்டும்னு இருந்தேன்."

"கை எழும்பலன்னா?"

"கரண்டு இருக்கற வரைக்கும் கத்தியிருக்கும்," என்றார், திரையைப் பார்த்துக்கொண்டே.

இதுதான் நடந்தது. ஆனால் கதை ஆற்றைத் தாண்டி அரியாங்குப்பம் போவதற்குள் மாதா ஒரு வரி பாடிவிட்டார். நோணாங்குப்பம் படகுத்துறையில் முழுப் பாட்டும் பாடிவிட்டார். காலாப்பட்டில் வாயே திறந்துவிட்டார். இதை மறுத்து எழுதினால் மாதாவுக்குக் குறையாகுமோ என்றுதான் இத்தனை வருஷம் பயந்தேன். இப்போது பயம் இல்லை. அன்றைக்கு மாதா பாடவில்லை, காத்திருந்தார். தேரும் தூக்குகிறவர்களும் ஓங்கின மணியும் ஊரும் எல்லாம் காத்திருந்தன, கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு மனிதர் எழுந்து வருவதற்காக. எனக்கு இந்த அற்புதம் போதும்.

இப்போதும் ஜெபமாலை முடிந்ததும் என் வீட்டுக்காரர் படி ஏறிவிடுகிறார். இடது கை வாசிக்கிறது, வலது கை கூடவே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது. எப்போதாவது ஒரு கட்டையைத் தொடும். அன்றைக்கு ரீசெட் பாய் நம்பரைச் சொல்லிக்கொண்டே பாதிப் படி இறங்கி வந்துவிடுவார். சில நாள் ஜெபத்தின் நடுவில் பழையபடி "ஈஈஈ" என்று சத்தம் வரும். முன்னே மாதிரி நான் மேலே ஏறிக் கத்துவதில்லை. அது அடங்குகிற வரைக்கும் அருள் நிறைந்த மந்திரத்தைக் கொஞ்சம் இழுத்துச் சொல்கிறேன்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுதல். இதை நாலு பேரிடம் தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். காப்பி எடுக்கிறவர்கள் அந்தச் சத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். பொத்தான் மேல் இருந்தும் அமுக்காமல் காத்திருந்த அந்த விரலையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போங்கள்.